ஐந்து ஆம்பியர் வீடு

ஸூர், 4 அக்டோபர் 2009

அன்புத் தம்பி ஹைஸமுக்கு,

உனக்கும் ரூலாவுக்கும் என் செல்லம் ஜனாவுக்கும் அக்கா நஜ்லாவின் ஸலாம். இறைவன் கிருபையால் நானும் அம்மாவும் நலம். ரூலாவின் முதுகுவலி குறைந்ததா? அபிஜானில் மழை நின்றதா? அம்மாவின் முழங்கால் பழைய மாதிரிதான். வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

உம்மு ஜிஹாத் நாளை விமானம் ஏறுகிறாள். இங்கே ஒரு மகன், அங்கே ஒரு மகன் என்று பாதி நாள் வானத்திலேயே இருக்கிறவள். அவள் பெட்டியில் ஸஅதர் பொடிக்கும் காய்ந்த புதினாவுக்கும் நடுவில் இந்தக் கடிதம் வருகிறது. ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் உன் குரல் கேட்டால் அம்மாவும் வந்து ரிசீவரில் காதை ஒட்டிக்கொள்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம்.

போன வருடம் நீ வாங்கி வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கம்ப்யூட்டர் பற்றித்தான். அதில் நீ ஏற்றிய வீடியோவை அம்மா தினமும் பார்க்கிறாள். "அம்மா, எப்படி இருக்கே? சாப்பிட்டியா?" என்று நீ கேட்கிறாய். "நல்லா இருக்கேன் ராசா, சாப்பிட்டேன்" என்று திரைக்குப் பதில் சொல்கிறாள். அப்புறம் ஜனாவின் பாட்டு. அப்புறம் நாடகம். ஒரு நாளும் முறை மாறக் கூடாது.

ஆனால் மின்சாரம் நம் பேச்சைக் கேட்கிறதா? போகிறது, வருகிறது. வந்தால் தெருவே "வந்துடுச்சு!" என்று கத்துகிறது. நம் வீட்டில் மட்டும் "வந்துடுச்சு நஜ்லா! ஓடி வா, போடு!" நான் தலையில் சோப்போடு இருந்தாலும் ஓட வேண்டும். பொத்தானை அழுத்து, காத்திரு, கடவுச்சொல் அடி, பிளேயரைத் தேடித் திற, வீடியோவைத் தேடிப் பிடி. முடிப்பதற்குள் மறுபடி போய்விடும். "நீயே போட்டுக்கோயேம்மா" என்றால், "எனக்குக் கண்ணு மங்கல்டி. அந்தச் சனியன் மவுஸை நான் தொட மாட்டேன்" என்கிறாள்.

மருந்துக்கடை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் தூங்கும் வரை எனக்கு விடுதலை இல்லை. ஊரில் எல்லாப் பெண்களும் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கிறார்கள். எனக்கும் நடக்க வேண்டும் தம்பி. நாற்பத்து மூன்று வயதாகிறது, ஒரு மணி நேரம் எனக்கென்று வேண்டும். மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தானே விழித்து, பிளேயர் தானே திறந்து, நீ தானே நலம் விசாரிக்கும்படி செய்ய முடியுமா? முடியும் என்று எழுது.

ஜனாவின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.

உன் அக்கா,
நஜ்லா


அபிஜான், 19 அக்டோபர் 2009

மதிப்பும் பாசமும் உள்ள அக்காவுக்கு,

எல்லோருடைய ஸலாமும். நாங்கள் நலம். ரூலா இப்போது குனிந்து நிமிர்கிறாள், என்னைத் திட்டவும் தெம்பு வந்துவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு இங்கே விற்கிற ஷியா வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். காலுக்குத் தடவுவதற்கு, ரொட்டிக்கு அல்ல என்று சொல்லிவிடு.

முடியுமா என்றா கேட்டாய்? அக்கா, இது ஒரு விஷயமே இல்லை! உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்துவிட்டு, துணி வாங்க வந்த அம்மாளைக் காக்க வைத்து, கடைக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்தேன். அணைத்துப் போட்டதும் பிளேயர் துள்ளிக்கொண்டு வந்து நின்றது. அந்த அம்மாள் கைதட்டினாள்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்து. எல்லா நிரல்களும் வரிசையாக வரும். அதில் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இருப்பதெல்லாம் கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தானாக ஓடும். நம் பிளேயரின் படத்தைப் பிடித்து இழுத்து அதில் போடு, அவ்வளவுதான். பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். அம்புக்குறி போகிற வழியில் போ, பக்கத்துச் சந்தில் நுழையாதே.

அம்மா இனி யாரையும் எதிர்பார்க்காமல் பார்க்கலாம் என்பதுதான் எனக்குச் சந்தோஷம். அவள் கையைப் பிடித்து என் முத்தத்தை வை.

உன் தம்பி,
ஹைஸம்


ஸூர், 6 நவம்பர் 2009

என் தம்பிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் சுகம். வெண்ணெயைப் பற்றி நீ எச்சரித்தது வீண். அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காலுக்குத் தடவினாள்.

நீ எழுதியபடியே இழுத்தேன், போட்டேன். கை தவறியதில் கால்குலேட்டரும் கூடப் போய் விழுந்துவிட்டது. பரவாயில்லை, அதை அப்புறம் பிடித்து வெளியே தள்ளினேன். மறுநாள் மின்சாரம் வந்ததும் நான் பொத்தானை அழுத்தி, கடவுச்சொல் அடித்து, விலகி நின்றேன். பிளேயர் தானாக வந்தது ஹைஸம்! நான் குதித்ததில் கீழ்வீட்டுக்காரி குச்சியால் கூரையைத் தட்டினாள்.

வந்தது, ஆனால் வந்து சும்மா நிற்கிறது. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே அந்த ஆரஞ்சுக் கூம்பு. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எதுக்குடி இங்க ரோடு போடறாங்க? என் பிள்ளை எங்க?" என்றாள்.

இன்னும் இரண்டு குறை. மின்சாரம் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருப்பதில்லை, பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும். அப்புறம் அந்தக் கடவுச்சொல். இந்த மூன்றும் தீராவிட்டால் எனக்குக் கடற்கரை இல்லை. சீக்கிரம் எழுது தம்பி. நேற்று சாயங்காலம் ஜன்னலில் நின்று, போகிறவர்கள் வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

ரூலாவை அதிகம் தூக்கவிடாதே.

நஜ்லா


அபிஜான், 20 நவம்பர் 2009

அக்கா,

ஸலாம், நலம், நலமே அறிய வேண்டும். உடம்பைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை, கூம்பைக் கவனிப்போம்!

தவறு என்னுடையது. பிளேயரை மட்டும் எழுப்பினால் அது என்ன பாடும்? ஸ்டார்ட்அப்பில் இருக்கிற பிளேயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாட்டுப் பட்டியலைப் போட வேண்டும். பிளேயரில் முதலில் என் வீடியோ, அடுத்து ஜனா, அடுத்து நாடகம் என்று வரிசையாகச் சேர்த்து, பட்டியலாகச் சேமித்துக்கொள். அதன் குறுக்குவழியை ஸ்டார்ட்அப்புக்குள் இழுத்துப் போடு. பட்டியல் திறந்தால் பிளேயர் தானே திறக்கும், திறந்ததும் தானே ஓடும்.

கடவுச்சொல்லை நீக்கிவிடு. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது, என் மூஞ்சிதான்.

மூன்றாவதுதான் முக்கியம், கவனமாகப் படி. கம்ப்யூட்டர் எழும்போது டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இரு. ஒரு நீலத் திரை வரும். பயப்படாதே. அதில் மின்சாரம் பற்றிய பகுதியில், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை "எழுந்திரு" என்பதற்கு மாற்றி, சேமித்து, வெளியே வந்துவிடு. வேறு எதையும் தொடாதே. தொட்டால் எனக்கும் உனக்கும் உறவில்லை.

நாளெல்லாம் இதே நினைப்பாக இருக்கிறேன். ரூலா, "அங்க உங்க அக்கா நடக்கப் போறதுக்கு இங்க நீங்க ஏன் பறக்கறீங்க?" என்கிறாள். நானும் எதற்கோ உதவுகிறேன் என்ற சந்தோஷம்தான். வேறென்ன?

அம்மாவின் நெற்றியில் என் முத்தம்.

ஹைஸம்


ஸூர், 11 டிசம்பர் 2009

வெற்றி! வெற்றி! வெற்றி!

ஸலாம் சொல்ல மறந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். எல்லோரும் சுகம்தானே? நாங்கள் சுகமோ சுகம்.

ஹைஸம், நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீலத் திரைக்குள் போய், பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் அரசு மின்சாரம் வந்தது. "வந்துடுச்சு!" என்று அம்மா வாயைத் திறப்பதற்குள் பெட்டி உறுமியது. யாரும் தொடவில்லை. திரை வெளுத்தது, கூம்பு வந்தது, போனது, நீ வந்தாய்! "அம்மா, எப்படி இருக்கே? சாப்பிட்டியா?" அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், பிள்ளை தானா வந்துட்டான்" என்றாள். நான் அழுதேன். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். கலங்கரை விளக்கம் வரை நடந்தேன் தம்பி! உப்பிட்ட துர்முஸ் பருப்பு வாங்கித் தின்றேன்.

அதோடு விட்டிருந்தால் நாம் நாமா? மறுநாள் அரசு மின்சாரம் போய்த் தெரு ஜெனரேட்டர் வந்தது. அதில் ஐந்து ஆம்பியருக்கு மட்டும் பணம் கட்டுகிற ஐந்து ஆம்பியர் வீடு நம்முடையது என்பதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப், கூடவே இப்போது தானாக எழுகிற கம்ப்யூட்டர். "அம்மா, எப்படி இருக்கே?" என்று நீ கேட்டாய், பம்ப் முனகியது, கீழே பிரேக்கர் விழுந்தது, இருட்டு. உனக்குத் தெரியும், எல்லா வீட்டுப் பிரேக்கரும் அடுமனைச் சுவரில் ஒரே பெட்டியில் இருக்கிறது, சாவி ஜெனரேட்டர்காரரிடம். இறங்கி ஓடினேன். அவர் தூக்கிவிட்டார். மேலே வந்தேன். "அம்மா, எப்படி இருக்கே? சாப்பிட்டியா?" பம்ப். இருட்டு. மறுபடி இறங்கினேன். இப்படியே படி ஏறி இறங்கி என் கால் கழன்றது. அம்மாவும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் பால்கனிக்கு வந்து கத்தினாள்: "சாப்பிட்டேன்னு எத்தனை வாட்டிடா சொல்றது! செவிடாயிட்டியா?"

தெருவே சிரித்தது. ஜெனரேட்டர்காரர் கீழே இருந்து, "விடுங்க உம்மு ஹைஸம், அவனுக்கு நான் சொல்லிடறேன்!" என்று கூவினார். பிறகு என்னிடம் மெதுவாக, "பம்பைத் தனியா அணைச்சு வைங்க, நஜ்லா. பிள்ளை பேசி முடிக்கட்டும்" என்றார். பெயர் ஃபவ்வாஸ். உன் பள்ளிக்கூடத்தில் படித்தவராமே.

இனி பம்பைக் கவனித்துக்கொள்கிறேன். உனக்கு இறைவன் எல்லா நன்மையும் தரட்டும்.

உன் அக்கா, கலங்கரை விளக்கம் வரை நடந்தவள்,
நஜ்லா


அபிஜான், 28 டிசம்பர் 2009

அக்காவுக்கு ஸலாமும் கைதட்டலும்,

இங்கே எல்லோரும் நலம், உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் ரூலாவுக்கு மட்டும் மறுபடி முதுகு பிடித்துக்கொண்டது. நான் செவிடா? அடுத்த முறை வரும்போது வேறு கேள்வி கேட்டு வீடியோ எடுக்கிறேன்.

ஃபவ்வாஸ் என்றால் அந்த உயரமான ஃபவ்வாஸா? பள்ளிக்கூடக் கூரையில் என் பந்தை அடித்து ஏற்றிவிட்டு, "நாளைக்கு எடுத்துத் தர்றேன்" என்று சொன்னவன்! அந்த நாளை இன்னும் வரவில்லை. அவனிடம் கேள். பந்தைத் தராவிட்டாலும் பரவாயில்லை, நம் வீட்டுக்குப் பத்து ஆம்பியர் கொடுக்கச் சொல். பத்து இருந்தால் எதை வேண்டுமானாலும் போடலாம், பிரேக்கர் விழாது. நீயும் படி இறங்க வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கடற்கரையில் குளிர் காற்று.

ஹைஸம்


ஸூர், 17 ஜனவரி 2010

அன்புத் தம்பி,

அனைவரும் சுகமென நம்புகிறேன். அம்மாவுக்கு லேசாகச் சளி, இப்போது இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

பத்து ஆம்பியர் கேட்டேன். கம்பி மெல்லிசாக இருக்கிறதாம், தாங்காதாம். கம்பி மாற்றிய பிறகு பார்க்கலாம் என்றார். எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டேன், வானத்தைப் பார்த்தார்.

பம்பை அணைத்து வைத்தும் பிரேக்கர் விழுகிறது, ஏன் என்று புரியவில்லை. முன்பு வாரத்துக்கு ஒரு முறை, இப்போது நாள் தவறாமல். நான் கடற்கரைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் கட்டாயம் விழுகிறது. அம்மாவுக்கும் இந்தக் குளிர்காலத்தில் என்ன பிடித்ததோ, பாத்திரம் துடைக்கிற துணியைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். மற்றபடி நாடகம் நன்றாக ஓடுகிறது. ஜெனரேட்டரை அணைக்கிற நேரமானாலும் பகுதி முடிந்த பிறகுதான் அணைகிறது. தற்செயலாக இருக்கும்.

மஞ்சள் போட்டு ஸுஃபூஃப் கேக் செய்தேன், மீதமானதைக் கீழே கொடுத்தேன். தினமும் நமக்காகப் பெட்டியைத் திறக்கிறவருக்கு அதுகூடக் கொடுக்காவிட்டால் எப்படி? டீசல் கையோடு சாப்பிடக் கூடாது என்று சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். ஒரு துளசித் தொட்டி கொடுத்திருக்கிறார், ஜன்னலில் இருக்கிறது.

பந்து பற்றிக் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதாம்.

வேறு விசேஷம் இல்லை. ஜனாவுக்கு என் முத்தம்.

நஜ்லா


அபிஜான், 2 பிப்ரவரி 2010

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தோடு உம்மு ஜிஹாத் வாயும் வந்தது. கடற்கரைச் சாலையில் நீயும் ஃபவ்வாஸும் ஒரே பொட்டலத்தில் துர்முஸ் தின்றுகொண்டு நடந்தீர்களாம். அவன் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டானாம், நீ பதில் சொல்லவில்லையாம். "விசேஷம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இதுதான் விசேஷம் இல்லாததா? ஊருக்கெல்லாம் தெரிகிறது, உடன்பிறந்தவனுக்கு ஸுஃபூஃப் செய்முறைதான் வருகிறது.

நான் மட்டும் இங்கே உட்கார்ந்து அம்புக்குறி வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போய்விட்டால் அம்மாவோடு யார் இருப்பார்கள்?

ஹைஸம்


ஸூர், 20 மார்ச் 2010

எனக்குப் பின்னும் வாழ்ந்து என்னை மண்ணில் வைக்கப் போகிற என் மகன் ஹைஸமுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன், என் கையாலேயே. நீ நன்றாயிரு, உன் வீடு நன்றாயிருக்கட்டும், ரூலாவுக்கு முதுகும் உனக்குப் புத்தியும் நேராகட்டும்.

ஒன்பது வாரமாக உன் அக்கா உனக்குக் கடிதம் போடவில்லை, ஃபோனிலும் "ம்" என்கிறாள். காரணம் தேடினேன். காப்பித் தட்டுக்கு அடியில் உன் கடிதம் கிடந்தது. அம்மாவோடு யார் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த அம்மா நான்தானேடா? என்னைக் கேட்டாயா? இரண்டு பேர் அவளைக் கேட்டு வந்தார்கள், இரண்டு பேரையும் எனக்காகத் திருப்பி அனுப்பினாள். நீ அபிஜான் போகும்போது யாரையும் கேட்கவில்லை. நான் தடுக்கவும் இல்லை. அவளை மட்டும் எதற்காகத் தடுக்கிறாய்?

இப்போது கேள், சொல்கிறேன். அவள் காதுக்குப் போனால் உன்னோடு பேச மாட்டேன்.

கடிதம் எழுதத் தெரிகிற கண்ணுக்குத் திரையில் இருக்கிற முக்கோணம் தெரியாதா? எல்லாம் தெரியும். அவள் இழுத்ததையும் போட்டதையும் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் இழுக்கவும் போடவும் வரும். கூப்பிட்டால் ஒரு ஆள் ஓடி வருகிற சுகத்துக்காகக் கூப்பிட்டேன். அவ்வளவு பெரிய குற்றமா அது?

டிசம்பரில் பிரேக்கர் விழுந்து விழுந்து அவள் ஓடினாளே, மூன்றாவது தடவை இறங்கும்போது கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனாள். நாற்பத்து மூன்று வருடம் வளர்த்தவளுக்கு அது போதாதா? அவள் பம்பை அணைத்துவிட்டாள். பிரேக்கர் விழாவிட்டால் அவள் எப்படி இறங்குவாள்? அதனால் இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். வீட்டில் தேய்க்காத துணி ஒன்றும் பாக்கி இல்லை. இரண்டு ஆம்பியருக்கு மேல் தின்கிற பெட்டி, நல்ல பெட்டி. அந்தப் பையன் மட்டும் சளைத்தவனா? கம்பி மெல்லிசாம்! அடுமனைக்காரனுக்கு அதே கம்பியில் பதினைந்து கொடுத்திருக்கிறான்.

இப்படியே ஒரு குளிர்காலம் போயிற்று. அவன் கேட்டும் இவள் வாயைத் திறக்கவில்லை. உன் கடிதம் வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் பால்கனியில் நின்று, தெரு முழுக்கக் கேட்க, "ஏன்டா ஃபவ்வாஸ்! இவ பதிலுக்கு எத்தனை நாள் காத்திருப்ப? பிரேக்கர் தூக்கத் தெரிஞ்சவனுக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டு வரத் தெரியாதா?" என்று கேட்டேன். அடுமனையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். நஜ்லா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "அம்மா, என் மானத்தை வாங்கிட்டியே!" என்றாள். "வாங்கலடி, குடுத்துட்டேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவன் பெரியப்பாவும் மாமாவும் அவனைக் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தார்கள். மின்சாரமும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, மெழுகுவத்தி வைத்துக் காப்பி கொடுத்தேன். பெரியப்பா தொண்டையைச் செருமி, "பொண்ணோட அப்பா இல்ல. தம்பி ஊர்ல இல்ல. ஆம்பளை சம்மதம் இல்லாம எப்படி ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்றது?" என்றார். நஜ்லாவின் முகம் செத்துப் போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தெரு "வந்துடுச்சு!" என்று கத்தியது. விளக்கு எரிந்தது, மூலையில் பெட்டி உறுமியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தக் கூம்பு வந்தது, அப்புறம் நீ வந்தாய் ராசா, திரை முழுக்கச் சிரித்துக்கொண்டு. "அம்மா, எப்படி இருக்கே? சாப்பிட்டியா?"

நான் எழுந்து நின்று, "நல்லா இருக்கேன் ராசா. உன் அக்காவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். உடனே ஜனா பாட ஆரம்பித்தாள். மாமா தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். "தம்பி சம்மதிச்சுட்டான், தம்பி மகள் பாடவும் பாடிட்டா. இன்னும் என்ன வேணும்?" என்றார். பெரியப்பா கையை ஏந்தினார், ஃபாத்திஹா ஓதினார்கள்.

ஆக, நீ அங்கே இருந்தாய், சம்மதமும் சொல்லிவிட்டாய். எட்டுப் பேர் சாட்சி. இனி வாயைத் திறக்காதே. அக்காவுக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுது.

உன் அம்மா


அபிஜான், 5 ஏப்ரல் 2010

என் அக்கா, என் கண்ணே,

உனக்கு ஸலாம், அம்மாவின் கைக்கு முத்தம். என் நலத்தை விசாரிக்காதே. கடிதம் வந்ததிலிருந்து கடையில் துணியை முழம் மாற்றி அளந்துகொண்டிருக்கிறேன்.

நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு என்னை மன்னித்துவிடு. அம்மாவைப் பற்றி எழுதவில்லை, என்னைப் பற்றித்தான் எழுதினேன். நீ அங்கே இருக்கும் வரை நான் இங்கே நிம்மதியாக இருக்கலாம், அதுதான் விஷயம். கேவலமாகத்தான் இருக்கிறது.

ரூலாவிடம் சொன்னேன், அவள் போட்ட குலவையில் மாடி வீட்டில் இருக்கிற இந்த ஊர்க்காரர்கள் என்ன ஆயிற்று என்று இறங்கி வந்தார்கள், கேட்டதும் அவர்களும் ஆடினார்கள். ஜனா தன் பாட்டால்தான் கல்யாணம் நிச்சயமாயிற்று என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஜூன் மாதம் மூன்று பேரும் வருகிறோம். இந்த முறை திரையில் அல்ல, கதவு வழியாக.

மாப்பிள்ளையிடம் சொல்: பந்து.

உன் தம்பி,
ஹைஸம்


ஸூர், 22 ஜூலை 2010

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் மூவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டு நிம்மதி. ஜனாவின் தொண்டை சரியானதா? கல்யாணத்தில் அப்படிப் பாடினால் கட்டாமல் என்ன செய்யும்? இங்கே நாங்கள் மூவரும் நலம். "மூவரும்" என்று எழுத எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

என் புது வீட்டு ஜன்னலிலிருந்து அம்மாவின் பால்கனி தெரிகிறது. நடுவில் அடுமனை மட்டும்தான். ஃபவ்வாஸ் உனக்கு ஸலாம் சொன்னார். கல்யாணத்தில் அவர் கொடுத்து, நீ விமான நிலையம் போகிற அவசரத்தில் விட்டுவிட்டுப் போன பந்தை உம்மு ஜிஹாதிடம் கொடுத்து அனுப்புகிறார். புதுப் பந்து கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தான் என்று நீ ஊரெல்லாம் சொன்னது அவர் காதுக்கு வந்துவிட்டது.

அம்மா வீட்டுக்குப் பத்து ஆம்பியர் கொடுத்துவிட்டார். கம்பி திடீரென்று தடித்துவிட்டதாம். இஸ்திரிப் பெட்டி விஷயம் எனக்குத் தெரியாது என்று நீயும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜனவரியில் ஒரு நாள் பிரேக்கர் விழுந்தபோது, சோபாத் தலையணைக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்த பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போனேன்.

இப்போது ஒரு சங்கதி. பத்து ஆம்பியர் இருந்தும், போன வாரத்திலிருந்து அந்தப் பிளேயர் தானாகத் திறப்பதில்லை. மின்சாரம் வருகிறது, பெட்டி எழுகிறது, அதோடு சும்மா நிற்கிறது. அம்மா பால்கனிக்கு வந்து, அடுமனைக்கு மேலே, "நஜ்லா! வந்துடுச்சு! ஓடி வா, போடு!" என்று கூப்பிடுகிறாள். "என்னமோ கெட்டுப் போச்சுடி. எனக்கு என்ன தெரியும், கண்ணு வேற மங்கல்" என்கிறாள்.

நேற்று அவள் காப்பி போடப் போனபோது திறந்து பார்த்தேன். ஸ்டார்ட்அப் ஃபோல்டர் காலி. நம் பட்டியலின் குறுக்குவழி குப்பைத் தொட்டிக்குள் கிடக்கிறது, யாரோ பிடித்து இழுத்து அழகாகப் போட்டிருக்கிறார்கள்.

மறுபடி எடுத்து வைக்க அரை நிமிடம் போதும், எனக்குத் தெரியும். வைக்கவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு, உன் வீடியோவை நானே போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சாப்பிட்டேன் ராசா" என்று உனக்குச் சொல்லிவிட்டு, எனக்குப் பாதி ரொட்டியைக் கிள்ளிக் கொடுத்தாள். நீயும் இதைச் சரிசெய்ய அம்புக்குறி எதுவும் வரைந்து அனுப்பாதே.

இதோ, தெருவில் கத்துகிறார்கள், வந்துவிட்டது. அம்மா பால்கனிக்கு வந்துவிட்டாள். நான் ஓடுகிறேன்.

உன் அக்கா,
நஜ்லா